வெறும் வயிற்றோடு கொழும்புக்கு

கடல் மீனை உயிரோடு கொழும்புக்குக் கொண்டுபோகிற தொழிலில் மீன் ஒரு தொல்லையும் தராது. தொல்லை எல்லாம் இரண்டு காலில் நடந்துதான் வரும். நீங்கள் கண்ணாடி அலுமாரியை லொறியில் ஏற்றிப் போயிருந்தால், பிறந்தநாள் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்கு உடனே விளங்கும். "கவனம்" என்று நாம் சொல்லி முடிக்கமுதல் ஒரு கை நீண்டு வந்து தொட்டுப் பார்க்குமே, அந்தக் கையைப் பற்றித்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். என் மனுசன் சுழியோடி. மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்குடாக் கடலில் இறங்கி, பிடிக்க அனுமதி உள்ள வண்ண மீன்களைச் சின்ன வலையால் வளைத்து எடுத்து வருவார். வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் தொட்டிகள் இருக்கின்றன. மீன்கள் பயம் தெளியும்வரை அங்கே நிற்கும். பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தீனியை நிறுத்திவிடுவேன். பிறகு ஒவ்வொன்றையும் பொலிதீன் பையில் கொஞ்சம் கடல் தண்ணீரோடு விட்டு, மிச்ச இடத்தை ஒட்சிசனால் நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, வெள்ளை ரெஜிபோம் என்கிற நுரைப் பெட்டிகளில் அடுக்கி மூடுவோம். இந்தச் சீசனிலிருந்து கட்டுவதற்கு உதவி, பக்கத்து வீட்டில் இருக்கிற என் மனுசனின் அக்கா தவமணி மச்சாள். லொறி ஓட்டுவது ஓட்டமாவடி பாறூக் நானா. பெட்டிகளோடு கொழும்புவரை போய் ஒப்படைப்பது நான். அங்கிருந்து மீன்கள் விமானம் ஏறி வெளிநாட்டு வீடுகளின் கண்ணாடித் தொட்டிகளுக்குப் போகும்.

ஏன் பட்டினி போடுகிறேன் என்று நீங்களும் முகம் சுளிக்கவேண்டாம். பைக்குள் போன மீனுக்கு அதுதான் படுக்கை, அதுதான் கழிப்பறை, மூச்சும் அதே தண்ணீரில்தான். வயிற்றில் ஏதாவது இருந்தால் அது வழியில் வெளியே வந்து தண்ணீரை நஞ்சாக்கிவிடும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

சொதிக்குக் காணாது

வெயில் ஏறினால் பைத் தண்ணீர் சுடும். அதனால் புறப்படுகிற அன்று வாழைச்சேனையில் ஐஸ் வாங்கி, பேப்பரில் சுற்றி, பெட்டி மூலைகளில் வைப்போம். அந்தக் கடைக்கு மற்ற மீன்காரரும் வருவார்கள். அவர்களுடையது செத்த மீன், ஐஸுக்குள் புதைத்தால் வேலை முடிந்தது. அப்படி ஒருவர், மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டித் தெருத்தெருவாக விற்கிறவர், நான் ஐஸை உடைக்கிற நேரம் பார்த்து லொறிக்குள் கையை விட்டு ஒரு பையைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்தார். இருட்டில் அசையாமல் கிடந்த மீன், வெளிச்சத்தைக் கண்டதும் பைக்குள் அங்கும் இங்கும் முட்டத் தொடங்கியது.

"வையுங்க அதை!" என்று நான் போட்ட சத்தத்தில் ஐஸ் கடைக்காரர் வெளியே ஓடி வந்துவிட்டார். பதறுகிற மீன் இரண்டு மடங்கு மூச்சு இழுக்கும், பைக்குள் அடைத்திருப்பது கொழும்புவரை அளந்து அடைத்த காற்று, நீங்கள் பார்த்து ரசிக்க அடைத்ததல்ல என்று வாயில் வந்த வேகத்திலேயே கொட்டினேன். அந்த மனிதர் கோபிக்கவே இல்லை. பையை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு, எனக்காக உண்மையிலேயே கவலைப்பட்டுச் சொன்னார்: "இவ்வளவு பொத்திப் பொத்திக் கொண்டு போறீங்க, கடைசியில இது ஒரு சட்டி சொதிக்கும் காணாதே அக்கா!"

சத்தில்லாத ஊர்

எங்களிடம் மீன் வாங்குகிற கொழும்பு முதலாளிக்கு நல்ல தமிழ் வரும். நல்ல வார்த்தைதான் வராது. இந்தச் சீசன் தொடங்கியதிலிருந்து எங்கள் பெட்டிகளில் சாவு. ஏற்றும்போது நீல உடம்பும் மஞ்சள் முதுகுமாக மினுங்கிய மீன்கள், இறக்கும்போது பாதிக்குப் பாதி வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்கும். தண்ணீர் கலங்கியிருக்கும். பையை அவிழ்த்தால் மூக்கைப் பொத்தவேண்டும்.

முதலாளி என்ன செய்வார் தெரியுமா? செத்ததை எல்லாம் தரையில் வரிசையாக அடுக்கி, படம் எடுத்து, நாங்கள் திரும்பி வருகிற வழியில் வட்ஸ்அப்பில் அனுப்புவார். கீழே ஒரு சொல்லும் இராது, ஒரு விளக்குமாற்றுப் படம் மட்டும் இருக்கும். என் கையால் ஒவ்வொன்றாகப் பையில் விட்ட மீன்களை அப்படிக் குப்பையாகப் பார்க்கும்போது எனக்குப் பற்றி எரியும். ஏன் சாகுது என்று ஒரு தரமாவது கேட்டிருந்தால் நானும் உட்கார்ந்து யோசித்திருப்பேன். அவர் கேட்கவில்லை, தீர்ப்பே சொல்லிவிட்டார்: "அக்கா, உங்க ஊர் மீனுக்குச் சத்து இல்ல. திருகோணமலை மீன் பையிலயே துள்ளுது. இப்படியே போனா மட்டக்களப்புல இருந்து ஒரு வாலும் எனக்கு வேணாம்."

நானாவின் ரோடு

அதே கடல், அதே நீரோட்டம். வாகரைக்கு அங்கால், திருகோணமலைப் பக்கம், கொஞ்சம் நீந்தினால் மீனுக்குச் சத்து வந்துவிடுமா? மாவட்ட எல்லையில் மீனுக்கு யார் அடையாள அட்டை கொடுக்கிறார்கள்? இதை எல்லாம் முதலாளியிடம் கேட்கவேண்டும்போல நாக்குத் துடித்தது. ஆனால் எங்களுக்கு வேறு வாங்குகிறவர் இல்லை. நான் போய் வீட்டில் அவர் சொன்னதைச் சொன்னேன். என் மனுசன் அடுத்த கிழமை போய்ப் பாஸ்போட்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். அரபு நாட்டுக்கு, கட்டாருக்குப் போக. கடலுக்குள் மூச்சடக்கி இறங்குகிற மனிதர், மணலுக்குள் போய் வேலை செய்யப்போகிறாராம். அந்தப் பாஸ்போட்டைக் கண்ட நாளிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் கோபம்.

பையை மாற்றிப் பார்த்தேன். ஒட்சிசன் சிலிண்டர் தருகிற கடைக்காரரோடு சண்டை பிடித்தேன். வள்ளங்களின் எண்ணெய் கலக்காத தூரத்துக்குப் போய்த் தண்ணீர் அள்ளச் சொன்னேன். சாவு நிற்கவில்லை. மிச்சம் இருந்தது பாறூக் நானாதான். வெலிக்கந்தை தாண்டும்வரை அவருடைய ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஏச்சு. பாவம் மனிதர், காது சிவக்கச் சிவக்கக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். மன்னம்பிட்டியில் தேத்தண்ணீருக்கு நிறுத்தி, எனக்கும் ஒன்று வாங்கி நீட்டியபடி சொன்னார்: "தங்கச்சி, ஏசுங்க, பறுவாயில்ல. ஆனா றோட்டு நான் போட்டதில்ல, ஓட்டுறது மட்டும்தான் நான்."

மூச்சு விடட்டும்

ஒருமுறை நானாவின் மச்சான் சபீர் எங்களோடு லொறியில் வந்தார். கட்டாருக்குப் புறப்பட்டவர், விமான நிலையத்துக்கு எங்கள் வழியால்தான் போகவேண்டும். நல்ல மனிதர், வழியெல்லாம் மீன்களைப் பற்றியே விசாரித்துக்கொண்டு வந்தார். ஹபரணையில் நிறுத்தியபோது நான் முகம் கழுவப் போனேன். திரும்பி வரும்போது லொறியின் பின்பக்கத்தில் "உஸ்... உஸ்..." என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், சபீர் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பாஸ்போட்டோடு வைத்திருந்த பேனாவால் ஒவ்வொரு பையாகக் குத்திக்கொண்டிருக்கிறார். "வாய இறுக்கிக் கட்டியிரிக்கி, அதுகள் எப்படி மூச்சு விடுற?" என்று கேட்கிறார்.

நான் கையை ஓங்காத குறை. உள்ளே அடைத்திருந்த ஒட்சிசன் முழுவதும் ஹபரணைக் காற்றில் கலந்துபோனது. அவசரத்துக்கு வைத்திருக்கிற சின்னச் சிலிண்டரையும் புதுப் பைகளையும் எடுத்து, ரோட்டுக் கரையில் குந்தியிருந்து அந்தப் பெட்டி முழுவதையும் மறுபடி கட்டினேன். கட்டிக்கொண்டே அவரையும், அவருடைய பேனாவையும், அவரை ஏற்றிய நானாவையும் தாராளமாகத் திட்டினேன். சபீர் தலையைக் குனிந்தபடி பைகளைப் பிடித்துத் தந்தார். கடைசியில் என்னைச் சமாதானப்படுத்த நினைத்து, அக்காவுக்கு அவர்கள் சொல்கிற 'தாத்தா'வைப் போட்டு ஒன்று சொன்னாரே, அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது: "கோவிக்காதீங்க தாத்தா. உங்கட மனுசனையும் கட்டாருக்கு அனுப்புங்க, அங்க ஹோட்டல்ல மீன் தொட்டியெல்லாம் வீடு மாதிரி பெருசு."

சூட்கேசுக்குள் முருகைக்கல்

பாசிக்குடாவுக்கு விடுமுறையில் வந்திருந்த ஒருவர் எங்கள் கொட்டிலைத் தேடி வந்தார். பூர்வீகம் எங்கள் பக்கம், இருப்பது லண்டன். அவருக்கு மீன் வேண்டாமாம். உயிரோடு இருக்கிற முருகைக்கல், அதுதான் பவளப்பாறை, ஒரு துண்டு வேண்டுமாம். மீனைக் கட்டுகிற மாதிரியே கட்டித் தந்தால் சூட்கேசில் வைத்துக்கொண்டு போவாராம். முருகைக்கல் கல்லில்லை, அதுவும் உயிர், அதைத் தொடச் சட்டம் விடாது என்று முதலில் மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "மீனை நீங்க பிடிக்கலாம், கல்லை நான் எடுக்கக்கூடாதா?" என்றார். கொழும்புக்கே பாதி சாகிற காலத்தில், லண்டனுக்குச் சூட்கேசில்!

எங்களுக்குக் கை வறண்டிருந்த நேரம் அது. அவர் பேர்சைத் திறந்ததை என் மனுசனும் பார்த்தார், நானும் பார்த்தேன். அதுதான் என் கோபத்தை இன்னும் ஏற்றியது. "அந்த மீன்கள் குடியிருக்கிற வீடு அது. வீட்டை உடைச்சு உங்களுக்குத் தந்துட்டு, அடுத்த வருசம் இவர் எதைப் பிடிக்கிற?" என்று கேட்டு, கொட்டில் படலையைத் திறந்து வெளியே வழி காட்டினேன். அவர் போகும்போது என்னைத்தான் குற்றவாளி மாதிரிப் பார்த்தார்: "எங்கட அப்பப்பா இதைச் சூளை சூளையா எரிச்சுச் சுண்ணாம்பாக்கி வித்தவர். அப்ப ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல, எனக்கு ஒரு துண்டு தர நீங்க சட்டம் கதைக்கிறீங்க."

மஞ்சள் பூசிய இறால்

எனக்கு லொறிப் பயணம் ஒத்துக்கொள்ளாது. வயிற்றில் ஏதாவது இருந்தால் வளைவுகளில் புரட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் புறப்படுகிற அன்று வெறும் தேத்தண்ணீர் மட்டும் குடிப்பேன். இதற்காகத் தவமணி மச்சாளுக்கும் எனக்கும் ஒவ்வொரு பயணத்துக்கும் சண்டை. அவ வீட்டுப் படியால் யாரும் சாப்பிடாமல் இறங்கிப் போனதில்லை. மின்சார மீட்டர் பார்க்க வருகிற பொடியனுக்கும் ஒரு தட்டு வைக்கிற கை அது. அன்றைக்கு விடியவெள்ளன, நான் பெட்டிகளை ஏற்றி முடிக்கும்போது, சுடச்சுடப் பிட்டும் இறால் குழம்புமாக முன்னால் வந்து நின்றா. சண்டை போட நேரமில்லை. நின்ற நிலையில் சாப்பிட்டுவிட்டு ஏறினேன். பொலன்னறுவை போய்ச் சேரமுதலே கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டவேண்டி வந்தது.

கொழும்பில் பெட்டிகளைத் திறந்தால் வழக்கம்போலப் பாதிச் சாவு. முதலாளி போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். "அடுத்ததுதான் கடைசி, அதுக்குப் பிறகு வராதீங்க" என்று படம் பிடித்தபடியே சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆத்திரத்தில். செத்த மீன் கிடந்த ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில், அழுக்கோடு அழுக்காக, பொடிப் பொடியாக அரிந்த இறால் துண்டுகள். மஞ்சள் நிறம். நான் உற்றுப் பார்த்தேன். கழுவின இறாலுக்கு மஞ்சள் பூசி வைப்பது மச்சாளின் வழக்கம். கடலில் எந்த இறால் மஞ்சள் பூசிக்கொண்டு திரிகிறது?

நான் தீனியை நிறுத்திய தொட்டிகளுக்கு, ஒவ்வொரு பயணத்திலும், பை கட்டுமுன் மச்சாள் சாப்பாடு போட்டிருக்கிறா. பின்னால் நின்ற பாறூக் நானாவுக்குப் பையைக் காட்டினேன். அவர் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாய்க்கு வந்தபடி ஏசின அத்தனை பள்ளங்களையும் அவர் அப்போது நினைத்திருக்கலாம். ஆனாலும் மெதுவாகத்தான் கேட்டார்: "நீங்க கண்ணாடிய இறக்கி வெளிய சத்தி எடுத்தீங்க தங்கச்சி. இதுகள் எங்கால எடுக்கிற?"

போகிற இடத்தில் கேட்பார்கள்

வீட்டுக்குப் போனதும் போகாததுமாக மச்சாள் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "இறால் குடுத்தீங்களா?" என்று கேட்டேன். "ஓம், குடுத்தன்தான்" என்றா, தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீர் கொடுத்த மாதிரி. எனக்குத் தலைக்குள் என்னவோ வெடித்தது. எத்தனை தரம் சொன்னேன், எத்தனை மீன் செத்தது, நான் எத்தனை பேரோடு சண்டை பிடித்தேன், முதலாளி என்ன சொன்னார், எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கச் சொன்னேன். "உங்கட தம்பி கட்டாருக்குப் போகப்போறார், உங்கட இறாலால!" என்றும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவ முகம் செத்துப்போனது.

நானா கேட்டதையே நானும் கேட்டேன். நான் வழியில் வாந்தி எடுத்த கதையைச் சொல்லி, பைக்குள் கிடக்கிற மீன் எங்கே போய் எடுக்கும் என்றேன். மச்சாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டா. இனி அந்தத் தொட்டிப் பக்கமே போகமாட்டேன் என்று தம்பி மேல் சத்தியம் பண்ணினா. எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கத் தொடங்கின நேரம், கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பக்க நியாயத்தையும் சொல்லிவிட்டா: "எண்டாலும் புள்ள, போற எடத்துல கேப்பாங்கதானேகா, எந்த ஊரால வாறீங்க, என்ன சாப்பிட்டுட்டு வாறீங்க எண்டு."

எந்த ஊர் மீன்

கடைசி வாய்ப்பு. அந்த இரண்டு நாளும் மச்சாள் கொட்டில் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, தான் போகாதது மட்டுமல்ல, யாரையும் உள்ளே விடவும் இல்லை. என் மனுசன் பாஸ்போட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி படத்துக்குப் பின்னால் வைத்தார். புறப்படுகிற அன்று எனக்கும் பிட்டு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்னப் பொட்டலம், அரிந்த இறால், மஞ்சள் பூசாமல், ஐஸோடு. "அங்க தொட்டியில விட்டு, அதுகள் ஆறினாப் பிறகு குடு" என்று மட்டும் சொன்னா. நானா லொறியை ஓட்டினாரா உருட்டினாரா என்று தெரியாது, அவ்வளவு மெதுவாகப் போனோம். அவரை நான் ஒரு சொல் ஏசவில்லை.

கொழும்பில் பெட்டிகளைத் திறந்தோம். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவு. ஒரு மீன்கூடச் சாகவில்லை. பைகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் கலந்து, ஒவ்வொன்றாக விட்டேன். முதலாளி கையில் போனோடு பை பையாகப் பார்த்துக்கொண்டு நடந்தார், படம் எடுக்க ஒன்றும் அகப்படவில்லை. மீன்கள் ஆறுதலாகி, மச்சாளின் இறாலுக்கு வாயைத் திறந்து ஓடி வந்ததைப் பார்த்ததும் அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "இது எந்த ஊர் மீன்?" என்றார். மச்சாள் சொன்னது சரிதான், கேட்டேவிட்டார்! "கல்குடா மீன். எப்பவும் கொண்டுவாற அதே கல்குடா மீன்" என்றேன். அவர் நம்பவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன், என் மனுசன் பிடித்தது என்றேன், நானாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். முதலாளி நானாவின் தோளில் தட்டி, கண்ணைச் சிமிட்டி, நாங்கள் ஏதோ கெட்டித்தனம் பண்ணிவிட்டோம் என்கிற மாதிரிச் சொன்னார்: "எனக்கு மீன் தெரியாதா அக்கா? இது திருகோணமலைச் சரக்கு. இனி எப்பவும் அங்க இருந்தே எடுத்துக் கொண்டு வாங்க, எவ்வளவு வந்தாலும் நான் எடுக்கிறன்."

ஆக, என் மனுசன் கட்டாருக்குப் போகாமல் கல்குடாவிலேயே இருக்கிறார். அவர் பிடிக்கிற மீன்தான் லொறியில் ஏறும்போது கல்குடா, இறங்கும்போது திருகோணமலை.